கதவில் பதிந்த கை

நோரீனை ஓவியர் என்று பெர்த் நகரத்தில் அச்சடித்துக்கொண்டார்கள். இங்கே, எங்கள் பூர்வகுடிக் கிராமத்தில், அவள் பள்ளிக்கூடச் சமையற்காரி. பகலெல்லாம் அடுப்படி, சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து படம். எனக்கு அக்கா முறை. வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் அப்படித்தான், ரத்தம் ஒன்றுதானே.

பிள்ளைகளின் தோல் புண்ணையும் அதனால் கெட்டுப்போகும் இருதயத்தையும் ஆராய பெர்த்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. அதற்கு லோகோ வரைய நோரீனைக் கேட்டார்கள். எங்கள் ஆற்றை வரைந்தாள். கரையில் எட்டுப் பிள்ளைகளின் கையைச் செம்மண் குழம்பில் தோய்த்துப் பதித்தாள். எங்களுக்குப் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். கிளினிக் கதவு முழுக்க அந்தப் படத்தைப் பெரிதாக ஒட்டினார்கள்.

நான்காம் மாதம் வண்டி கவிழ்ந்து அந்த எட்டில் ஒருவன் போய்விட்டான். ராய்லீனுடைய மூத்தவன். துக்கம் முடிகிறவரை செத்தவர் பெயரைச் சொல்வதும் படத்தைப் பார்ப்பதும் எங்களில் ஆகாது; அவன் பெயரை நானும் சொல்ல மாட்டேன். வீடுகளில் இருந்த அவன் போட்டோக்களையெல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டோம். கிளினிக் கதவில் மட்டும் அவன் கை அப்படியே இருந்தது, கோணல் சுண்டு விரலோடு.

ராய்லீனின் சின்னவளுக்கு ஆறு வயது, இருதயக் கோளாறு. இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை ஊசி போட்டாக வேண்டும். கிளினிக் வண்டி ஓட்டுகிறவள் நான். எத்தனை தடவை போய்க் கூப்பிட்டாலும் ராய்லீன் படியிறங்கவில்லை.

“அந்தக் கதவைத் தாண்டி என்னால வர முடியாதுக்கா.”

கிளினிக்குக்கு இருப்பது ஒரே கதவு. வீட்டில் ஊசி போட விதியில்லை என்றாள் நர்ஸ். படத்தில் கை வைக்க வேண்டுமானால் பெர்த்தைக் கேளுங்கள் என்றாள். நோரீன் என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போன் போட்டாள். திட்டத்து அதிகாரி ஃபிலிப்பா தேன் மாதிரிப் பேசினாள்.

“எனக்குப் புரியுதுங்க நோரீன். ஆனா லோகோவைக் கமிட்டி ஒப்புக்கிட்டாச்சு, அடுத்த வருஷம்தான் மாத்த முடியும். அதுல எது யார் கைன்னு யாருக்குத் தெரியப்போவுது?”

“பெத்தவளுக்குத் தெரியும்டி!”

பிள்ளையைக் காப்பாற்ற வந்தவர்கள், பிள்ளைக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு படத்தை நிறுத்திவிட்டுக் கமிட்டி என்கிறார்கள். சீ!

முந்தின ஊசி போட்ட முப்பத்தொன்றாம் நாள் காலை, நோரீன் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்து அந்த ஒரு கையை மட்டும் பூசி மறைத்தாள்.

“நீங்க வரைஞ்சதை நீங்களே அழிக்கிறீங்களே?” என்றாள் நர்ஸ்.

“அழிக்கலம்மா, மூடுறேன். துக்கம் முடிஞ்சதும் அவங்கம்மா சொல்லுவா, அப்ப திறந்துக்கலாம்.”

நான் போய் ராய்லீனை அழைத்து வந்தேன். கதவைப் பார்த்தாள், உள்ளே வந்தாள். ஊசி குத்தியபோது சின்னவள் போட்ட கூச்சல் கடைத்தெரு வரைக்கும் கேட்டது. அந்தக் கூச்சலைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அடுத்த ஊசி நாளன்று ஃபிலிப்பா விமானமேறி வந்தாள். பெயிண்ட் பூசியதற்குச் சண்டை பிடிப்பாள் என்று நோரீன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளாத குறைதான். அவளோ கதவுக்கு எதிரே நின்று கண் கலங்கிப் போட்டோ எடுத்தாள்.

“என்ன உருக்கமா இருக்கு! இதையே புது லோகோவா வச்சுக்கலாமா? கீழ அந்தப் பையன் கதையையும் ரெண்டு வரி போட்டுடலாம்.” சொன்னவள், அதோடு நிற்காமல் அவன் பெயரையும் சொன்னாள். அதுவும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உரக்க.

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராய்லீன் எழுந்தாள். சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் நடுவே புகுந்து வெளியே போனாள். நர்ஸ் ஊசியைக் கையில் வைத்தபடி நின்றாள்.

“கையை மூடிட்டேன்,” என்றாள் நோரீன், ஃபிலிப்பாவின் காலடியில் துப்பிவிட்டு. “உன் வாயை எதை வச்சுடி மூட?”

சின்னவளுக்குக் கடைசி ஊசி போட்டு இன்றோடு முப்பத்து மூன்று நாள். ராய்லீன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறேன். கதவு திறக்கவில்லை.