ஒரு தள்ளு தூரம்

என் நைனா புகழேந்தி கடந்த பங்குனியில் இறந்தார். ஃபிகர் ஸ்கேட்டிங் மாஸ்டர். ஐஸ் மேல் ஆடுகிற அந்த ஆட்டத்தை அவர் முழுக்க நாலு சக்கர ஷூவில்தான் சொல்லிக்கொடுத்தார், திருவான்மியூரில் ஒரு சிமெண்ட் தளத்தில். ஒரு தடவையாவது ஐஸில் ஆட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவர். பள்ளியை விட்டதும் ஒரு ஸ்கேட்டிங் தளத்தில் ஷூ எடுத்துக் கொடுக்கும் வேலை. ஆள் வராத மதியங்களில் தானே ஷூ கட்டிக்கொண்டு ஆடிப் பழகினார். சுழல்வது, தாவுவது எல்லாம் டிவியில் பார்த்து உடம்பில் ஏற்றிக்கொண்டது. குடிசைகளை எடுத்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். அங்கிருந்து தினம் தளத்துக்கு வர முடியாது என்று ஆதம்பாக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்தார்.

திருவான்மியூரில் விடிகாலையில் கடல் ஈரம் தளத்தில் படியும். சக்கரம் வழுக்கும். வெல்லத் தண்ணீர் தெளித்துத் துடைத்தால் பிடிப்பு வரும். கூடவே எறும்பும் வரும்.

“இன்னா மாஸ்டர், புள்ள கத்துக்கினு வருதோ இல்லியோ, எறும்போட வருது” என்று ஒரு பையனின் அம்மா சண்டைக்கு வந்தார்.

“எறும்பும் நல்லாத்தாம்மா சுத்துது. அதுங்கதான் பீஸ் கட்ட மாட்டேங்குது.”

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் போனில் ஐஸ் ஆட்டம் பார்ப்பார். நடுநடுவே போனைக் காதில் வைத்து, பாட்டுக்கு அடியில் பிளேடு ஐஸைக் கீறும் சத்தத்தைத் தேடுவார்.

“தேங்கா துருவுற சத்தம் மாதிரி கீது” என்பாள் அம்மா. “வா, நான் துருவுறேன், வந்து கேளு.”

நான் குளிர்பதனப் பொறியாளன். கிண்டி தொழிற்பேட்டையில், மீனுக்கும் ஐஸ்கிரீமுக்கும் குளிர் அறை செய்யும் கம்பெனியில் வேலை. “ஊருக்கெல்லாம் ஐஸ் போடுறான். நைனாவுக்கு ஒரு தரை போட மாட்டான்” என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வார்.

போன வருடம் அவரிடம் ஸ்கேட்டிங் பழகிய நிலா, வடக்கே ஒரு பயிற்சி முகாமுக்குத் தேர்வானாள். பெரிய ஐஸ் தளம். மாஸ்டரும் கூடப் போகலாம். கடைசி நாள் மாலையில் மாஸ்டர்களும் தளத்தில் ஆட நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நைனா முதல் நாளே கால் அளவு சொல்லி, பிளேடு ஷூவை எடுத்து வைத்துவிட்டார்.

ஆனால் நிலா விழுந்துகொண்டே இருந்தாள். சக்கர ஷூவின் முனையில் ஒரு ரப்பர் கட்டை உண்டு. நிற்க வேண்டுமானால் அதை ஊன்ற வேண்டும். ஐஸ் ஷூவில் அந்த இடத்தில் இரும்புப் பல் இருக்கிறது. ஓட்டத்தில் ஊன்றினால் குப்புறத் தள்ளிவிடும். பிளேடைப் பக்கவாட்டில் திருப்பித் தேய்த்துத்தான் நிற்க முடியும். அவளுக்கு நிற்கும் எண்ணம் வந்தாலே முனை தானாக இறங்கியது.

நைனா போன் செய்தார். “நான் சொல்லிக் குடுத்ததுதான்டா அவள தள்ளிவுடுது.”

தனக்கு ஒதுக்கிய நேரத்தை அவளுக்குக் கேட்டு வாங்கினார். தடுப்புக்கு வெளியே நின்று, “முனைய மற, முனைய மற” என்று கத்திக்கொண்டிருந்தாராம். கடைசியில் அவள் நின்றாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் அம்மா கேட்டாள், “கால வெச்சியா?”

“பக்கத்துல நின்னேன். ஜில்லுனு இருந்திச்சி.”

மறுநாள் எங்கள் மேனேஜர் வெங்கடரமணன் சாரிடம், ஐஸ் தரை போட கம்பெனியின் குளிர் சோதனை அறையைக் கேட்டேன்.

“எத்தன பேர் வருவா?”

“நைனா மட்டும் சார்.”

“அப்ப போடு. சளி பிடிச்சா என்னைச் சொல்லப்படாது.”

தண்ணீரை மெலிதாகத் தெளித்து, உறைந்ததும் மறுபடி தெளித்து, அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் வெடித்துவிடும். அறை சின்னது. ஒரு ஆட்டோ நிறுத்தலாம்.

நைனா இரவல் வாங்கிய பிளேடு ஷூவும் மங்கி குல்லாவுமாக வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

“தள்ளுடா.”

இடுப்பில் கை வைத்துத் தள்ளினேன். போனார். எதிர்ச்சுவரில் கை பட்டு நின்றார்.

“அவ்ளோதானா?”

“ரூம் அவ்ளோதான் நைனா.”

“சுவரு இல்லன்னா எவ்ளோ தூரம் போயிருப்பேன்?”

“பின்னாடி பெரிய குடோன் காலியாவப் போவுது. அதுல போடுறேன். போய்ப் பாரு.”

“போட்டுடுவியா?”

“போட்டுடுவேன்.”

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போனைத் தொடவில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்கு, “பாத்தா தாங்கல” என்றார்.

குடோன் காலியாவதற்குள் மாரடைப்பு வந்துவிட்டது. வீட்டில் அவரைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தக் கம்ப்ரசரின் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். உள்ளே உட்கார முடியாமல் தெருவில் போய் நின்றேன்.

குடோன் இப்போது காலியாகத்தான் கிடக்கிறது. அதில் எதுவும் போடவில்லை. அவர் கேட்ட தூரத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தள்ளிய வேகமும், பிளேடுக்கும் ஐஸுக்கும் உள்ள உராய்வும் போதும். ஆளின் எடை சமன்பாட்டின் இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போகிறது. தெருவில் ஐஸ் போட்டு, எங்கள் வாசலில் நின்று அவரைத் தள்ளிவிட்டிருந்தால், நாலு வீடு தாண்டி, இஸ்திரி வண்டி வரை போயிருப்பார்.