நாற்பத்திரண்டாம் பக்கத்துத் தலைப்புகள்

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அவள் கை பாதியில் நின்றது. மகள் ஆங்கில இலக்கண வழிகாட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ட், பட், ஆர் எல்லாம் சபார்டினேட்டிங். பிகாஸ், ஆல்தோ, வென் எல்லாம் கோஆர்டினேட்டிங்."

"தலைகீழா சொல்றியேடி!"

"புக்கப் பாரும்மா. நீ போட்ட புக்குதானே, அதான் கண்ண மூடிட்டுப் படிச்சேன்."

ஓர் அச்சகத்தில் பதினோரு வருஷமாகக் கணினியில் பக்கம் அமைப்பவள் அவள். நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள். சமமான இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கும் கோஆர்டினேட்டிங் சொற்கள் இடப்பக்கம். ஒன்றை மற்றொன்றைச் சார்ந்து நிற்கவைக்கும் சபார்டினேட்டிங் சொற்கள் வலப்பக்கம். சொற்களை முதலில் அடித்துவிட்டுத் தலைப்புகளைக் கடைசியில் ஒட்டுவது அவள் வழக்கம். இந்த முறை இரண்டையும் இடம் மாற்றி ஒட்டியிருக்கிறாள். பிழை திருத்துபவர் எழுத்துப்பிழைதான் பார்ப்பார். அது மருந்துக்குக்கூட இல்லை. யானைக்கும் அடி சறுக்கும், சரி. சறுக்கிய இடத்தில் பிள்ளைகள் அல்லவா நிற்கிறார்கள்?

பரீட்சை பத்து மணிக்கு. முதலாளிக்குப் போன் போட்டாள்.

"அடுத்த பதிப்புல மாத்திக்கலாம். கடைக்காரங்க காதுல விழுந்தா மொத்தமும் திரும்பி வந்துரும். வெளிய மூச்சு விட்டீங்கன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வரவேணாம்மா."

வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் கால் நிற்கவில்லை. பாதிப் பின்னலோடு மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் அதே புத்தகத்தை விரித்துவைத்துக் கடைசி நேரப் படிப்பில் இருந்தார்கள்.

"நாப்பத்திரெண்டாம் பக்கம் தப்பும்மா. அந்த ரெண்டு தலைப்பையும் மாத்திப் படிங்க!"

ஒருத்தி ஏற இறங்கப் பார்த்தாள். "புக்குலயே இருக்கே ஆன்ட்டி. நீங்க யாரு?"

மகள் முன்னால் வந்தாள். முகம் அவமானத்தில் சிவந்திருந்தது. "எங்கம்மாதான் இந்தப் புக்கப் போட்டவங்க. தப்புன்னு அவங்களே சொல்றாங்கல்ல, மாத்துங்கடி!"

பேனாக்கள் வெளியே வந்தன. அடித்து, மேலே எழுதி, அம்புக்குறி போட்டார்கள். மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள்.

அவள் வாசற்கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அங்கே இருந்தவர்கள் முப்பது பேர். அச்சடித்தது எட்டாயிரம் பிரதி.