அமெரிக்கா மிஸ்

“இந்த வரி வேணாம், தூக்கிடு. இது அழுமூஞ்சியா இருக்கு, இதையும் தூக்கிடு” என்று சொல்லியபடியே பள்ளி நூலகத்தின் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார் அமெரிக்கா மிஸ். உட்கார்ந்தால் அவருக்கு மூளை ஓடாது. ஒரு மாணவி மடிக்கணினியை ஏந்திக்கொண்டு, அவர் திரும்பும் இடத்திலெல்லாம் தானும் திரும்பி, சொன்னதை அழித்துக்கொண்டே பின்னால் போகிறாள்.

அவர் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துபவர். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் வேலையை வேறு யாரும் தொடாததால், தலைமையாசிரியர் அவர் தலையில் கட்டிவிட்டார். அமெரிக்காவை அவர் பார்த்ததில்லை. ஆனால் எந்தக் கல்லூரியில் பனி எப்போது கொட்டும், எங்கே முழு உதவித்தொகை கிடைக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. விண்ணப்பத்தோடு ஒவ்வொரு பிள்ளையும் தன்னைப் பற்றி எழுதி அனுப்பவேண்டிய கட்டுரையைத் திருத்துவதும் அவர்தான். கடைசித் தேதி நெருங்கினால் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வீடு திரும்பும். கணவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “என்ன, உன் வயித்துக்கு இன்னும் விசா கிடைக்கலையா?” என்பார்.

கொஞ்ச நாளாக அவரிடம் ஒரு மாற்றம். நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று நின்றுவிடுகிறார். “இதை நீயா எழுதினியா, இல்ல எனக்குப் பிடிக்கும்னு எழுதினியா?” என்கிறார்.

எல்லாம் லிஃப்ட் மெக்கானிக்கின் மகளால் வந்தது. படிப்பில் கெட்டிக்காரி, முழு உதவித்தொகை கிடைத்தால்தான் அவள் விமானம் ஏற முடியும். அப்பாவோடு வேலைக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் முதலில் எழுதிக்கொண்டு வந்தாள். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டார். அப்பா மேலே இயந்திரத்தோடு மல்லுக்கட்ட, இவள் கதவிடுக்கில் வாயை வைத்துக் கால்பந்து வர்ணனை சொல்லி அவருடைய பயத்தைப் போக்கியிருக்கிறாள். பந்து எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாதவள், நடக்காத ஆட்டத்தில் ஏழு கோல் போட்டுவிட்டாள்.

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, “நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இது சின்ன விஷயம். அவனவன் உலகத்தையே மாத்தின மாதிரி எழுதுறான்” என்றார். ஏழைப் பிள்ளைகளுக்கு அவள் இரண்டே வாரம் எடுத்த இலவச வகுப்பு, மிஸ்ஸின் கைபட்டு, புதுக் கட்டுரையில் ஒரு பெரிய இயக்கமாக ஊதிப் பெருத்தது.

“இது நானா மிஸ்?”

“நீதான். கூச்சப்படாத.”

அமெரிக்கக் கல்லூரியின் இணையவழி நேர்காணலில் திரையிலிருந்த பெண்மணி கனிவாகத்தான் கேட்டார்: அந்தப் பிள்ளைகளில் ஒருவரைப் பற்றிச் சொல்லேன். அவளுக்கு ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றிருந்த மிஸ்ஸுக்கு அவள் திக்கித் திணறுவது கேட்டது. இடம் கிடைக்கவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று தலைமையாசிரியர் ஆறுதல் சொன்னார். மிஸ்ஸுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

போன வாரம் நெரிசலான பேருந்தில் அவளைப் பார்த்தார். உள்ளூர்க் கல்லூரியில் கணிதம் படிக்கிறாளாம். “உக்காருங்க மிஸ்” என்று எழுந்து இடம் கொடுத்தாள்.

“அந்த லிஃப்ட் கட்டுரையையே அனுப்பியிருக்கணும்மா. நான்தான்…”

“விடுங்க மிஸ். நீங்க சொன்னப்புறம் எனக்கும் அது சின்ன விஷயமாத்தான் தெரிஞ்சுது.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் மிஸ்ஸுக்குத் தாங்கவில்லை. அவள் தோளில் தொங்கிய கனத்த பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. பையை இரண்டு கையாலும் அணைத்தபடி அவர் உட்கார்ந்தே இருந்தார்.