மிதித்து ஏற்றிய கொழுந்து

பிள்ளைகளே, கெட்டிக்காரத்தனம் என்றால் என்னவென்று அப்பா கண்ணால் பார்த்ததை எழுதி வைக்கிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்புதான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது நான் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டினேன். கீழ் மலையில் பறிக்கும் கொழுந்து மட்டும் ஃபெக்டரிக்கு வந்து சேரும்போது சிவந்து கெட்டுப்போயிருக்கும். அந்த மலையையே மூடிவிடத் தோட்டத்து மேனேஜர் துரை நினைத்தார். உங்கள் அம்மாவுக்கு அங்கேதான் வேலை. மூடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நிர்வாக ஆலோசகர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். ஹாலிஎலப் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்க்கிற பெண்.

அவர் யாரையும் ஒன்றும் விசாரிக்கவில்லை. முதல் நாள் கூடை மாட்டிக்கொண்டு பறித்தார். அடுத்த நாள் கொழுந்து நிறுக்கும் தராசடியில் நின்றார். மூன்றாம் நாள் என் லொறியில் ஏறினார்.

“லொறியில ஊர் சுத்தவா மிஸ் சம்பளம்?” என்று கொழுந்து எடுக்கும் பெண்கள் கிண்டல் பண்ணினார்கள்.

“ஆமாக்கா, நீங்களும் ஏறுங்க. பெரகலையில டீ குடிச்சிட்டு வருவோம்.”

வழியில் நான் கேட்டேன். “மிஸ், உங்க வேலதான் என்னங்க?”

“செய்றவங்க பக்கத்துல நின்னு பாக்குறதுதாண்ணே. கார்மண்ட்ல தச்சும் பாத்திருக்கேன், ஆஸ்பத்திரியில லைன்ல நின்னும் பாத்திருக்கேன்.”

கீழ் மலையின் மொத்தக் கொழுந்தையும் ஒரே நடையில் கொண்டுவருபவன் என்று எனக்குப் பெயர். சாக்குகளை ஏறி மிதித்துத்தான் அடுக்குவேன். அன்றும் அப்படித்தான். ஃபெக்டரியில் நிறுத்தியதும் அவர் சொன்னார்: “அண்ணே, அடிச் சாக்குல கைய விட்டுப் பாருங்க.”

காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிறு போலச் சுட்டது. நான் மிதித்து ஏற்றிய சூட்டில்தான் கொழுந்து சிவந்திருக்கிறது. பன்னிரண்டு வருடம் ஏற்றியவன், ஒருநாளும் கையை விட்டுப் பார்த்ததில்லை!

ஆபீசில் அந்தப் பெண் நடந்ததைச் சொன்னதும் துரை கேட்டார். “யாரு மிதிச்சது?”

“நாந்தாங்க.” நான் முன்னே வந்து நின்றேன்.

“ஒரு நடைக்குத்தானே டீசல் குடுக்குறீங்க சார்? இவரு வேற என்ன செய்வாரு?” என்றார் அந்தப் பெண். அதை எப்போது கவனித்தாரோ!

“நாளைக்கு ரெண்டு நடை ஓட்டட்டும். அப்பவும் செவந்தா மலைய மூடத்தான் வேணும்” என்றார் துரை.

மறுநாள் சாக்குகளைத் தளர்வாக அடுக்கி, முதல் நடையைக் கொண்டுவந்தேன். இறக்குகிற ஆட்கள் இன்னும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு லொறியின் பின்னால் ஏறினேன். அடிச் சாக்கை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டேன். ஓடைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. ஆட்கள் வரும்வரை கையை வெளியே எடுக்கவில்லை.