வேலிக்குள் முக்குளிப்பான், வெளியே எருமை

இயற்கையைக் காப்பாற்றும் வேலையில் இயற்கை ஒருநாளும் தொல்லை தந்ததில்லை. தொல்லையெல்லாம் காப்பாற்ற வந்த எங்களால்தான். வடக்கனந்தல் பக்கம் எங்கள் ஊர்க் குட்டையின் பாதுகாப்புக் குழுவுக்கு நான் செயலாளர். ஏதோ ஒரு குழுவில் பேரைக் கொடுத்துவிட்டு விழித்துக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு என் நிலைமை புரியும்.

தீர்மானம்

குட்டையில் இரண்டு ஜோடி முக்குளிப்பான்கள் இருந்தன. புறாவைவிடச் சிறிய நீர்ப்பறவை; ஆளைக் கண்டால் பறக்காது, முங்கிவிடும். அவற்றுக்குத் தொந்தரவு கூடாதென்று சுற்றிலும் கம்பிவேலி போட்டு, கால்நடைகளைத் தடுக்க முடிவு செய்தோம். கால்நடையில் வாத்து அடங்குமா என்று நான் அரைமணி நேரம் பேசினேன். கரும்பு விவசாயியான எங்கள் தலைவர் எழுந்துவிட்டார்.

"வாத்தப் போட்டுக்குங்க, முதலையப் போட்டுக்குங்க சார். எனக்கு வெட்டாளுங்க வந்துக்கினு இருக்காங்க."

விளக்கம்

வேலியால் பாதிக்கப்பட்ட ஒரே பிரஜை, செல்லம்மாவின் எருமை. கூலிவேலைக்குப் போகும் செல்லம்மாவுக்கு அதன் பால்தான் நிலையான வரும்படி. கோடை முழுக்கக் குட்டையில் ஊறிக் கிடக்கும் எருமை, அந்த வருடம் வேப்பமரத்தடியில் மூச்சிரைத்துக்கொண்டு நின்றது. பால் பாதியாகக் குறைந்தது. நீர்நிலைகளின் நுட்பமான சமநிலை குறித்து நான் படித்ததையெல்லாம் செல்லம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான் சார். இத நீங்களே வந்து மாட்டாண்ட ஒருதபா சொல்லிடுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

பார்வையாளர்கள்

மழை வந்தது. மேயவும் மிதிக்கவும் எருமை இல்லாத குட்டையைக் கோரையும் ஆகாயத்தாமரையும் மூடிக்கொண்டன. முங்கத் தண்ணீர் தெரியாமல் இரண்டு ஜோடியும் கிளம்பிப் போய்விட்டன. அடுத்த வாரம் பறவை பார்க்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்லூரி மாணவிகள் வந்தார்கள். நான் வரவேற்புரை ஆற்றினேன். ஒருத்தி வெகுநேரம் தொலைநோக்கியைத் திருகித் திருகிப் பார்த்தாள். என் மனம் நோகக் கூடாதென்று நினைத்திருப்பாள் போலும்.

"வேலி நல்லா தெரியுதுங்க சார்."

திருத்தம்

வேலியை எடுத்தால் தவற்றை ஒப்புக்கொண்டதாகிவிடும். எனவே, 'நீர்ப்பரப்பை உயிரியல் முறையில் பராமரித்தல்' என்று புதுத் தீர்மானம் எழுதி, ஒரு பக்கத்தில் மட்டும் கம்பியை அறுத்தோம். எருமை எங்கள் தீர்மானத்தைப் படிக்காமலே இறங்கிவிட்டது. சித்திரைக்குள் நடுவில் தண்ணீர் தெரிந்தது, பால் கூடியது. ஆடியில் ஒரு ஜோடி முக்குளிப்பான் திரும்பி வந்தது. மற்றது வரவே இல்லை.

குழுவின் சார்பில் செல்லம்மாவுக்கு நன்றி சொல்லப் போனேன். எருமை இறங்கினால்தான் குட்டை திறந்திருக்கும் என்பது அவருக்கு முதலிலேயே தெரியுமாம். அப்போதே சொல்லியிருக்கலாமே என்று சற்றுக் குறைபட்டுக்கொண்டேன்.

"நீங்க எங்க சார் பேச வுட்டீங்க?"

ஆக, எங்கள் குழு இயற்கைக்கு இதுவரை செய்திருக்கும் ஒரே உருப்படியான சேவை, நாங்களே போட்ட வேலியில் நாங்களே அறுத்த அந்த ஆறடி ஓட்டைதான்.