நேர்த்திக்கடன் நோட்டும் நாற்பத்தொரு நாளும்

இதை எழுத எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது. வாராவாரம் இந்த இடத்தில் ஊர்க்கதை எல்லாம் உங்களிடம் பேசுகிறேனே... இதை மட்டும் விழுங்கிக்கொண்டே இருந்தேன். சாமி காரியம் ஒரு பக்கம், நான் சொன்ன பொய் இன்னொரு பக்கம். எதை முதலில் சொல்வது?

போன வெள்ளிக்கிழமை என் மருமகள் பூரணி டாக்டர் ஆகிவிட்டாள். அந்தத் தெம்பில் எழுதுகிறேன்.

ஊசி போடுகிற டாக்டர் இல்லை. தொழிற்சாலை மெஷின்களைப் பற்றிய ஆராய்ச்சி. எது எப்போது மக்கர் பண்ணும், சரிசெய்ய எத்தனை நாளாகும், எப்போது தலைமுழுகிவிட்டுப் புதுசு வாங்கலாம் — முன்கூட்டியே சொல்கிற படிப்பு. மெஷினுக்கு ஜாதகம் எழுதுவது என்று நான் புரிந்துகொண்டேன். பத்தாவதோடு நின்றவளுக்கு இது போதாதா?

புதுவயலில் எங்களுக்கு ஒரு சின்ன அரிசி மில். அதையே ஆராயப் போகிறேன் என்றாள். ஆனால் அவளுடைய கைடு கேட்டது பழைய பழுது விவரம். எந்த மெஷின் எந்தத் தேதியில் நின்றது, எப்போது மறுபடி ஓடியது? அது கிடைக்காவிட்டால் இந்த ஆராய்ச்சியையே விட்டுவிடு என்று சொல்லிவிட்டாராம். என் வீட்டுக்காரர் எதையாவது எழுதிவைக்கிற மனுஷரா?

"மாமா, ஒரு துண்டுச்சீட்டுகூடவா இல்ல?"

"ரிப்பேர் ஆச்சு, பாத்தோம், ஓடுச்சு. அதப் போயி எழுதுவாகளா ஆத்தா?"

அன்று அவள் சாப்பிடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பூஜை அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தேன்.

மில் நின்றால் நான் என்ன செய்வேன்? மில் வாசல் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொள்வேன். மறந்துவிடக் கூடாதே என்று எழுதியும் வைப்பேன். 'எலிவேட்டர் பெல்ட் (நெல்லை மேலே ஏற்றுவது) அறுந்தது — ஒரு தேங்காய்.' 'பெரிய மோட்டாரில் புகை — மூன்று தேங்காய்.' பக்கத்தில் வேண்டிய தேதி. மில் ஓடிய அன்றே உடைத்துவிட்டு, உடைத்த தேதி. பதினேழு வருஷம் இப்படி. வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்று வீட்டுக்காரரிடம்கூடக் காட்டியதில்லை.

பூரணி கடைசிவரை புரட்டினாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

"அத்தை... இத வச்சுக்கிட்டா இத்தன மாசம் என்னைய அழவிட்டீக?"

அப்புறம் ஒவ்வொரு வரியையும் ஸ்பேர் பார்ட்ஸ் பில்லோடு ஒத்துப்பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் அடுப்படியில் வந்து நின்றாள்.

"இந்த பெல்ட்ட மூணாம் நாளே மாத்தியாச்சுன்னு பில்லு சொல்லுது. ஒங்க நோட்டுத் தேதிப்படி நாப்பத்தொரு நாளாகுது. எது சரி?"

"பில்லுதான் தப்பாருக்கும்" என்றேன். வாய் கூசவில்லை!

உண்மையில் பெல்ட் மூன்றே நாளில் சரியாகிவிட்டது. தேங்காய் உடைக்கத்தான் மறந்துவிட்டேன். சாமிக்குக் கொடுத்த வாக்கை மறந்தேன் என்று மருமகளிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் விளக்கேற்றப் போனால் பிள்ளையார் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு வரி பொய்யென்று தெரிந்தால் மற்ற வரிகளை யார் நம்புவார்கள்? அந்தப் பிள்ளையின் படிப்பே போய்விடுமே... கையில் தீப்பெட்டியோடு அப்படியே அவளிடம் போனேன்.

"மறந்துட்டேன் தாயி. அப்ப வீட்ல கல்யாண வேலை."

"யாரு கல்யாணம்?"

"ஒன் கல்யாணந்தான்."

சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை அவளுடைய வாய்மொழித் தேர்வு. குடும்பத்தோடு போய் முன் வரிசையில் உட்கார்ந்தோம். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் திரையைக் காட்டி, "இந்த ஒரு பதிவை மட்டும் ஏன் திருத்தியிருக்கீங்க?" என்றார்.

"அது மெஷின் தப்பு இல்ல சார். தேங்காய் உடைக்கிறவங்க என் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டுக்கிட்டு இருந்தாங்க" என்று சொல்லி, என்னைக் கை காட்டிவிட்டாள். ஹாலே சிரித்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்புறம் உடைச்சீங்களாம்மா?"

எழுந்து நின்றேன். "ரெண்டா உடைச்சுட்டேன் சார். லேட்டானதுக்கு ஒண்ணு சேத்து."

முதலில் கை தட்டியதே அவர்தான்.

பிள்ளையார் எனக்காகக் கணக்கு வைத்தாரா, நான் அவருக்காக வைத்தேனா? இப்போது எனக்கே குழப்பம்தான்.

இதை நீங்களும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் மூன்று நாளை மூன்று நாளாகவே சொல்லுங்கள் — கூட்டிச் சொல்லி ஒருத்தி பட்டது போதும்.