பேரைச் சொல்றதுக்கு முன்னாடியே வந்த பதில்

இன்னைக்கு ஹட்டன் சர்ச் ஹால்ல, நம்ம ஸ்டெல்லா டீச்சர் ஊருக்கே புதுசான கம்ப்யூட்டர்ல தானே எழுதின ஆடுபுலி ஆட்டத்தைக் காட்டினாங்க.

"நாம தட்டுறதெல்லாம் ஓடை மாதிரி உள்ள போகும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் புதுப் பலகை ஒன்னு வெளிய வரும். பழைய பலகை எதுவும் அழியாது"ன்னாங்க. அசந்துட்டேன்.

நான் உட்கார்ந்தேன். "உங்க பேர் என்ன?"ன்னு திரை கேட்டுச்சு. நான் ஒரு எழுத்துத் தட்டுறதுக்குள்ள, "ரொம்ப சந்தோஷம்"னு அதுவே சொல்லிருச்சு! ஹாலே சிரிச்சுச்சு.

டீச்சர் முகம் மாறல. "யார் பேரைச் சொன்னாலும் அதே பதில்தானேங்க? அதான் காத்திருக்கல"ன்னுட்டு, பதில்ல பேரையும் சேர்த்தாங்க. அடுத்த தடவை எனக்காகக் காத்திருந்துச்சு.

நாம வாயைத் திறக்குறதுக்குள்ள "நாளைக்கு வாங்க"ன்னு சொல்ற தேயிலைத் தோட்டத்து ஆபீசோட பதில்ல நம்ம பேரைச் சேர்க்க வழி தெரிஞ்சவங்க, சுவத்துல ஒட்டியிருக்குற இந்தத் தாளுக்குக் கீழ பென்சில்ல எழுதுங்க.